நாலாவது சட்டை

கனடாவுக்கு வந்த முதல் ஒக்ரோபரில் நான் மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரு வைக்கோல் மனிதருக்குக் காலை வணக்கம் சொன்னேன். அப்போது ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் குடியிருந்தேன். பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் கதிரை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீளக் காற்சட்டை, தடித்த கம்பளிச் சட்டை, கையுறை, முகத்தை மறைத்த தொப்பி. இந்த நாட்டில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது பண்பு என்று ஆங்கில வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். சொன்னேன். பதில் வரவில்லை. மனிதருக்கு எங்கள் நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, விட்டேனா பார் என்று இரண்டாம் நாள் இன்னும் உரத்துச் சொன்னேன். மூன்றாம் நாள் மழை. அந்த மழைக்குள்ளும் அவர் எழும்பாமல் இருந்தபோதுதான் பயந்துபோய்க் கிட்டச் சென்று பார்த்தேன். கழுத்துப் பட்டிக்குள்ளிருந்து வைக்கோல் வெளியே வந்திருந்தது.

எங்கள் ஊரிலும் வெருளி உண்டு. தோட்டத்தில் காகத்துக்காக நிற்கும். புதிதாகக் கட்டும் வீட்டின் முகப்பில் கண்ணூறுக்காகத் தொங்கும். வீடு கட்டி முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். இங்கே அதைக் கதிரை போட்டு மனிதருக்கு எதிரே இருத்துகிறார்கள். நல்ல உடுப்புப் போட்டு, சப்பாத்து மாட்டி, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ரொறன்ரோவுக்கு வெளியே போனால் சில சிற்றூர்களில் ஊருக்கே போட்டி வைப்பார்கள். யாருடைய வெருளி அச்சொட்டாக மனிதர் மாதிரி இருக்கிறது என்று. விளையாட்டுத்தான். ஆனால் அந்த மாதம் முழுக்க நான் தெருவில் ஒருவரைக் கண்டால் முதலில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன். இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சீலன் எங்கள் பேஸ்மென்றுக்கு வந்தது என்னுடைய இரண்டாவது குளிர்காலத்தில். அங்கே நானும் மணியண்ணையும் இருந்தோம். மணியண்ணை எங்களுக்கு மூத்தவர், சமையலுக்கும் சண்டைக்கும் பொறுப்பானவர். சீலனுக்கு இருபத்திமூன்று வயது. ஒரு பெட்டி, ஒரு கிற்றார், தலையில் அகலமான கௌபோய்த் தொப்பி, காலில் இரண்டு அளவு பெரிய சப்பாத்து. சப்பாத்தின் நுனிக்குள் பேப்பர் திணித்திருந்தான். மணியண்ணை அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“உவன் என்ன, குதிரை மேய்க்க வந்தவனோ?”

உண்மையில் அவன் கன்ட்ரி பாடகனாக, அதாவது வெள்ளைக்காரரின் நாட்டுப்பாட்டுக்காரனாக, வந்தவன். பகலில் ஒரு ட்றை கிளீனிங் கடையில் சட்டை அயன் பண்ணினான். மற்ற நேரமெல்லாம் பாட்டு. சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, மூக்கால் பாடுவான். லொறி ஓட்டுகிறவனின் தனிமையைப் பாடுவான். அவனுக்குச் சைக்கிள் தவிர வேறொன்றும் ஓடத் தெரியாது. செத்துப்போன விசுவாசமான நாயைப் பாடுவான். நாயைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் மாறிவிடுவான். எல்லாப் பாட்டிலும் எங்களுக்குப் பிடித்தது சட்டைப் பாட்டு. ஒரு சலவைக் கடையில் யாரும் வந்து எடுக்காத மூன்று சட்டைகள் தொங்குகின்றன. முதலாவது வெள்ளை, கொலரில் மஞ்சள் கறை. இரண்டாவது நீலம், பொக்கற்றில் பேனை மை ஊறியிருக்கிறது. மூன்றாவது சிவப்புக் கட்டம், தோளில் கிழிந்து தைத்தது. ஒவ்வொரு சட்டைக்கும் பிறகு, ‘யார் வந்து எடுப்பார்கள், யார் வந்து எடுப்பார்கள்’ என்று இழுப்பான். வெங்காயம் வதக்கிக்கொண்டே மணியண்ணையும் சேர்ந்து இழுப்பார். அதற்குச் சலவைப் பாட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். வேலை செய்யும் இடத்தைப் பாட்டாக்கியிருக்கிறான், கெட்டிக்காரன் என்று நான் நினைத்தேன்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிடித்துவிட்டது. கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். ஊரார் செய்திக்காகச் சுற்றினார்கள். செய்தி முடிந்ததும் சீலன் முள்ளைத் திருப்பி எங்கோ தூரத்து நிலையமொன்றைப் பிடிப்பான். அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரன் மூக்கால் அழுதுகொண்டிருப்பான். சுற்றுகிறவனுக்குக் கை நோகத் தொடங்கும்போது பாட்டு மெலிந்து மெலிந்து அடங்கும். கன்ட்ரி பாட்டு அப்படித்தான் முடிய வேண்டும் என்று அவன் நம்பிவிட்டான். கனடா வந்த பிறகும் ஒவ்வொரு பாட்டையும் மூச்சுப் போகிறவன் மாதிரித்தான் முடித்தான்.

அடுத்த ஒக்ரோபரில் ஒரு நாள் சீலன் ஒரு விளம்பரத் துண்டைக் கொண்டுவந்தான். ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு சிற்றூர். அங்கே அறுவடைச் சந்தையில் பாட்டுப் போட்டி. முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்களின் பாட்டை அந்தப் பக்கத்துக் கன்ட்ரி றேடியோவில் போடுவார்கள். எங்கள் மூவரில் காரும் லைசென்சும் எனக்கு மட்டுந்தான் இருந்தன.

“அண்ணை, நீங்கள் கார் மட்டும் ஓடினால் காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்றான். “இந்த முறை சரிவராட்டி கிற்றாரைக் கட்டி வைச்சிடுவன். சத்தியமா.”

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். மணியண்ணை இடியப்பப் பார்சல் கட்டித் தந்துவிட்டு, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தார். வீட்டுக்காரக் கிழவர் நாயோடு வெளியே வந்தவர், கார் தேசிக்காயை நசுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, பிரேக் கிறீச்சிடுவதற்கு இது நல்ல மருந்தா என்று மணியண்ணையிடம் கேட்டாராம். மணியண்ணை ஓம் என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமை கிழவரின் காருக்கடியிலும் தேசிக்காய் கிடந்தது. பின் சீற்றில் கிற்றாரை இருத்தி பெல்ட் போட்டிருந்தோம். சீலன் முன்னால் இருந்து வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து வழி சொன்னான். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் பிழையாகத் திரும்பினோம். ஒரு பண்ணை முற்றத்தில் போய் நின்றபோது நாய் குரைத்தது. நாயைப் பாடும் கவிஞர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். யாராவது இந்தப் பயணத்தைப் படமாக எடுத்திருந்தால் அதுவரைக்கும் நல்ல நகைச்சுவைப் படம்.

அதற்கு மேல் வடக்கே போகப் போகப் பனிப்புகார் இறங்கியது. வயல்களில் தொடங்கி, வேலிகளை மூடி, கடைசியில் றோட்டையும் மூடிவிட்டது. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. சீலன் பாட்டை நிறுத்தினான். காரை ஊர விட்டு, நாற்சந்தி மாதிரித் தெரிந்த ஓர் இடத்துக்கு வந்தோம். அங்கே, றோட்டோரமாக, மூன்று பேர் இருந்தார்கள். இருவர் பச்சை உடுப்பில் நின்றார்கள். நடுவில் ஒருவன் கதிரையில் இருந்தான். அவன் தலையில், கழுத்துவரைக்கும், சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

நான் காரை நிறுத்தினேன். யோசித்து நிறுத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். மற்றப் பக்கக் கதவும் திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. லைசென்சை எடுத்து வலது கையில், முகம் தெரியும்படி, நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். நடந்து போய் அந்தச் சாக்குத் தலைக்கு முன்னால், ஆறடி தள்ளி, நிமிர்ந்து நின்றேன். சாக்கின் ஓட்டைகள் என்னைப் பார்த்தன. புகாருக்குள் எங்கோ ஒரு மாடு கத்தியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

ஏன் இறங்கினேன் என்பது ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கை ஆமி ஓர் ஊரைச் சுற்றி வளைத்தால் ஆண்கள் எல்லோரையும் ஒரு வெளிக்குக் கொண்டுவரும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். வரிசை போகும் வழியில் தலையில் சாக்குப் போட்ட ஒருவனை இருத்தியிருப்பார்கள். அவனைத் தலையாட்டி என்போம். ஒவ்வொருவரும் அவன் முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் பஸ்ஸில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான் விசாரணை. அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நான் முன்னால் நின்றேன், என் தம்பி நந்தன் பின்னால் நின்றான். எனக்கு அந்தத் தலை ஆடவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அப்படியொரு நிம்மதி, உடம்பெல்லாம் சில்லென்று. நான் நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தபோது நந்தனை இழுத்துக்கொண்டு போனார்கள். பச்சைக் கோடு போட்ட சட்டை, கடைசிப் பொத்தான் மட்டும் கறுப்பு. அம்மா அவசரத்துக்குத் தைத்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. பேஸ்மென்றில் என் கட்டில் தலைமாட்டில் அவனுடைய படம் இருந்தது. அது யார், என்ன ஆனான் என்று சீலனுக்கும் மணியண்ணைக்கும் தெரியும்.

புகார் கொஞ்சம் விலகியது. பச்சை உடுப்புக்காரரின் கையிலிருந்து வைக்கோல் தொங்கியது. கதிரையில் இருந்தவனின் மடியில் ஒரு பூசணிக்காய். கீழே, இன்னாருடைய பண்ணை, இந்த வருடப் போட்டிக்காக, என்று பலகை எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வைக்கோலுக்கு லைசென்ஸ் காட்டிக்கொண்டு நிற்கிறேன். சீலனும் எனக்குப் பின்னால் கையில் அட்டையோடு நிற்பான், இதைச் சொல்லி மணியண்ணையை ஒரு மாதம் சிரிக்க வைக்கலாம் என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. கார் மட்டும் இரண்டு லைற்றும் எரிய நின்றது.

சீலன் எனக்கு முன்னால் நின்றான்; புகாருக்குள் அவனையும் வெருளிகளில் ஒன்றென்று எடுத்திருந்தேன். கதிரைக்குப் பக்கத்தில், அந்தச் சாக்குத் தலைக்கு ஒட்டினாற்போல், என்னைப் பார்த்தபடி. இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான். தலை குனிந்திருந்தது. தொப்பி கீழே விழுந்து கிடந்தது.

“உங்கை ஏன் போய் நிக்கிறாய்?” என்றேன்.

“தெரியாது அண்ணை,” என்றான். “கால் தன்ரை பாட்டிலை போட்டுது.”

ஒரு மனிதனின் உடம்பு பொய் சொல்லாது என்று அன்றைக்குக் கண்டேன். என் கால் என்னைக் கொண்டுபோய் என் பழைய இடத்தில் நிறுத்தியது. அவனுடைய கால் அவனை அவனுடைய இடத்தில் நிறுத்தியது. அடுத்த நினைவு, என் கை அவனுடைய கொலரைப் பிடித்திருந்தது. அவன் தடுக்கவில்லை.

“எத்தினை நாள்?”

“ரெண்டு நாள். பத்தொன்பது வயசு எனக்கு. ஆட்டாட்டி அம்மாவைக் கொண்டருவம் எண்டவை.”

“எந்த ஊரிலை?”

“கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனவை. ஒரு மணிச்சத்தம் கேட்டது. பள்ளிக்கூடமோ கோயிலோ தெரியாது.”

“ஆரை ஆட்டினனி?”

“முகம் தெரியேல்லை அண்ணை. சாக்கிலை ஓட்டை கீழை பதிஞ்சிருந்தது, பிடரியிலை கையை வைச்சு அமத்தினபடி நிண்டவங்கள். கழுத்திலையிருந்து இடுப்பு மட்டுந்தான் தெரியும். சட்டையள்தான் தெரியும். நாலு சட்டை.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெங்காயம் வதக்கிக்கொண்டு நாங்கள் சேர்ந்து பாடிய பாட்டு. வெள்ளை, நீலம், சிவப்புக் கட்டம். அந்தச் சட்டைகள் எந்தக் கடையிலும் தொங்கியவை அல்ல.

“பாட்டிலை மூண்டுதானே இருக்கு,” என்றேன்.

“நாலாவதும் எழுதி வைச்சிருக்கிறன். பாடிறேல்லை.”

“ஏன்?”

“உங்கடை தம்பி,” என்றான். “அவர் என்ன சட்டை போட்டிருந்தவர் எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை. எனக்குக் கேக்கப் பயமாயிருந்தது.”

“இப்ப சொல்லு. நாலாவது என்ன சட்டை?”

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூன்று தரம் முயன்றான். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னான்: “வாயாலை வருகுதில்லை அண்ணை. பாட்டாத்தான் வரும். இண்டைக்கு நாலையும் பாடுறன். கேட்டுப்போட்டு என்னை ஏத்திக்கொண்டு போறதோ விட்டிட்டுப் போறதோ உங்கடை விருப்பம்.”

அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நினைக்காமல் இல்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தி, கியர் போட்டும் விட்டேன். ஆனால் அவனை விட்டுவிட்டுப் போனால் நாலாவது சட்டையையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். “ஏறு,” என்றேன். மிச்சத் தூரம் முழுக்க இடியப்பப் பார்சல் பிரிக்கப்படாமலே இருந்தது.

போட்டி நடந்த ஊருக்குள் நுழைந்தபோது புகார் பாதியாகக் குறைந்திருந்தது. ஊர் முழுக்க வெருளிகள். பெற்றோல் நிலையத்தில் ஒன்று குழாயைப் பிடித்தபடி. தேவாலயப் படியில் நாலைந்து, குடும்பமாக. தபாற்பெட்டிக்குக் கடிதம் போடக் கையை நீட்டியபடி ஒரு கிழவி. உயிருள்ள ஒருவரையும் காணவில்லை. டோனற் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒருவரை நான் வைக்கோல் என்று நினைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க, அவர் மெல்லக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஊர்ச் சனம் எல்லாம் மண்டபத்துக்குள் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

மண்டப வாசலில் பெயர் பதிந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். உங்களில் யார் புது டொக்ரர் என்று கேட்டார். அந்த ஊருக்கு எங்கள் பக்கத்து முகமுள்ள ஒரு டொக்ரர் வரப்போவதாகச் சொல்லியிருந்தார்களாம். சீலன், இல்லை அம்மணி, நான் கன்ட்ரி பாடகன் என்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டொக்ரருக்கு நல்ல பகிடி வரும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். முழங்கால் நோவைப் பற்றிப் பிறகு கதைக்க வேண்டும் என்றும் சொல்லி, பதினோராம் இலக்கத்தைச் சட்டையில் குத்திவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் நான் அந்த முழங்காலைப் பார்க்கச் சொல்லிச் சீலனைப் பிடித்துத் தள்ளியிருப்பேன்.

மண்டபத்தில் இருநூறு பேர் வரையில் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பண்ணைக்காரர்கள். பரிசு பெற்ற மூன்று வெருளிகளுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். நான் நடுவில், பாதையோரமாக இருந்தேன். பதினோராவதாக, எங்கள் புது டொக்ரர் பாடுவார் என்று அறிவித்ததும் கூரை அதிரக் கைதட்டினார்கள். சீலன் மேடைக்கு வந்தான். தொப்பி இல்லை, அது நாற்சந்தியிலேயே கிடந்தது. பேப்பர் திணித்த சப்பாத்து பலகையில் டொக் டொக் என்றது. கிற்றாரைத் தட்டத் தொடங்கினான். சட்டைப் பாட்டு.

வெள்ளைச் சட்டையிலேயே சனத்துக்குப் பிடித்துவிட்டது. மஞ்சள் கறைக்குச் சிரித்தார்கள். பேனை மைக்கு ஒரு கிழவர் தன் பொக்கற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். ‘யார் வந்து எடுப்பார்கள்’ வந்தபோது இரண்டாம் தரமே சேர்ந்து பாடினார்கள். காலால் தாளம் போட்டார்கள். தாளத்துக்குத் தலையை ஆட்டினார்கள். எனக்கு முன்னால் எத்தனை வரிசை இருந்ததோ அத்தனை வரிசையிலும் நரைத்த தலைகள் மேலும் கீழும், மேலும் கீழும் ஆடின. நல்ல சனங்கள். சந்தோஷமாக ஆட்டினார்கள். பலகைத் தரை அதிர்ந்ததில் முன்வரிசை வெருளிகளின் தலைகளும் சேர்ந்து ஆடின. சீலன் மேடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் பாடினான்.

சிவப்புக் கட்டம் முடிந்தது. நாலாவது வந்தது. என் விரல்கள் கதிரைச் சட்டத்தைப் பிடித்திருந்தன. நாலாவது சட்டை மண்ணிறம். மேல் பொத்தான் ஒற்றை நூலில் தொங்குகிறது.

பச்சைக் கோடு இல்லை. கறுப்புப் பொத்தான் இல்லை. அது நந்தன் இல்லை.

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. உடம்பெல்லாம் சில்லென்று. வந்த உடனேயே அதை எனக்கு அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வந்த அதே நிம்மதி. என்னுடையது இல்லை, நான் நடக்கலாம், பின்னால் நிற்கிறவன் யாரோ ஒருத்தனுடைய தம்பி. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு நினைப்பும் வந்தது. அதை எழுதக் கூசுகிறது. அது நந்தனின் சட்டையாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இருந்திருந்தால், அவனைக் கடைசியாகப் பார்த்த ஒருவன் எனக்குக் கிடைத்திருப்பான். வெறுப்பதற்கென்றாலும் ஒருவன். இப்போது மறுபடியும் யாரும் இல்லை.

சீலன் கடைசி முறையாக, ‘யார் வந்து எடுப்பார்கள்’ பாடிக்கொண்டே என்னைத் தேடினான். கண்டுபிடித்துவிட்டான். ஆடும் தலைகளுக்கு நடுவில் ஆடாத தலை என்னுடையது ஒன்றுதான். அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஓம் என்றால் நான் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். நிற்கட்டும், கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நினைத்தேன். அவனால் பாட்டை முடிக்க முடியவில்லை. அந்த வரியைத் திரும்பப் பாடினான். சனம் அதையும் ரசித்தது. மூன்றாம் தரமும் பாடினான். கிற்றாரில் கை வழுக்கியது. நாலாம் தரம் தொடங்கும்போதுதான் நான் தலையைப் பக்கவாட்டில் அசைத்தேன். இல்லை. அவன் கண்ணை மூடினான். பாட்டு மெலிந்து, மெலிந்து, அடங்கியது. அந்த ஊரார் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

அவனுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. திரும்பி வரும்போது புகார் முழுதாக விலகி, வயல்கள் மஞ்சளாகத் தெரிந்தன. நான் அவனை ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். வெகுநேரம் கழித்து, ஏன் இதை றேடியோவில் போட ஆசைப்பட்டாய் என்று கேட்டேன்.

“எங்கடை சனத்தட்டைப் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை அண்ணை,” என்றான். “றேடியோவிலை போனால் அந்தச் சட்டையைத் தெரிஞ்ச ஆராவது ஒராள் கேக்கும். கடைசியா அந்த உடுப்போடை ஒருத்தன் கண்டவன் எண்டாவது தெரியவேணும்.”

“எங்கடை சனம் கன்ட்ரி றேடியோ கேக்கிறேல்லையடா.”

“ஓம்,” என்றான். “அந்தத் துணிவிலைதான் பாடுறன்.”

ஒரு மாதத்துக்குள் அவன் எங்கள் பேஸ்மென்றை விட்டுப் போனான். நான் போகச் சொல்லவில்லை, மறிக்கவும் இல்லை. மணியண்ணை மட்டும் காரணம் தெரியாமல் நெடுநாள் என்னைத் திட்டினார். பிறகு நான் கலியாணம் கட்டி, வீடு மலிவு என்று அஜக்ஸ் பக்கம் வந்துவிட்டேன். சீலன் எப்போதாவது போன் எடுப்பான். ஒரு முறை எடுத்து, றேடியோக்காரர் இழுத்தடித்த பாட்டு வாற சனிக்கிழமை மத்தியானம் போகிறது, கேளுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் எங்கள் தமிழ்க் கடைக்கு முன்னால் கார் நிறுத்தி, றேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். தூரத்து நிலையம், கரகரவென்று இரைந்தது. யாரோ ஒருவர், இனி ஒரு வேடிக்கைப் பாட்டு என்று அறிமுகம் செய்தார். சீலனின் மூக்குக் குரல் வந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். எங்கள் சனம் பைகளோடு போவதும் வருவதுமாக இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. வெள்ளைச் சட்டை போயிற்று.

நடைபாதை ஓரத்தில் ஓர் அம்மா கீரைக்கட்டு வைத்த பையோடு யாரையோ எதிர்பார்த்து நின்றார். என் தாயின் வயது இருக்கும். முன்பின் தெரியாதவர். சத்தத்துக்கு முகம் சுளித்துக் காருக்குக் கிட்ட வந்தார். குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, ஆரோ எங்கடை பெடியன்ரை குரல் மாதிரிக் கிடக்கு. உவன் என்னத்தைப் பாடுறான்?”

எனக்குச் சலவைப் பாட்டு என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

“சட்டையளைப் பற்றி, அன்ரி. ஆரும் வந்து எடுக்காத சட்டையள்.”

அவர் பையை நிலத்தில் வைத்தார். கண்ணாடிச் சட்டத்தில் கையை ஊன்றி உள்ளே குனிந்தார்.

“என்ன நிறச் சட்டையாம்?” என்று கேட்டார்.

நான் வெள்ளையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கொலரில் மஞ்சள் கறை என்றேன். பாட்டு ஆங்கிலத்தில் நீலத்துக்குப் போய்விட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். றேடியோ முன்னால் போக, நான் தமிழில் ஒரு சட்டை பிந்தி வந்துகொண்டிருந்தேன்.